மீன்கொடியும் மாட்டின் இதயமும்

நான் இங்கிலாந்தில் படித்து முடித்துத் திரும்பியபோது அப்பா கோயில் நிர்வாக சபையில் இருந்தார். மாத்தளையில் மிளகும் கொக்கோவும் மொத்தமாக வாங்கி விற்பது அவர் தொழில். பட்டம் வாங்கி வந்த மகளைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல ஆசைப்பட்டார். என்னவென்று சொல்வது என்பதுதான் தெரியவில்லை. டொக்டர் என்றால் ஊசி போடுவாளா என்று கேட்டார்கள். போடமாட்டாள் என்றால், அப்புறம் என்ன டொக்டர் என்று கேட்டார்கள்.

"நீ என்னதாம்மா ஆராயிற? ஒரே வார்த்தையில சொல்லு. நான் மனசில வச்சிக்கிறேன்" என்றார்.

உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் பொடிப் பொடியாகச் சில உறுப்புகள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் சாப்பாடும் இழுக்கும் மூச்சும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. உயிர் வாழ வேண்டிய சக்தி அங்கிருந்துதான் வருகிறது. மைட்டோகொன்ட்ரியா என்று அவற்றுக்குப் பெயர். அந்தச் சமயம் விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்க வேண்டும் என்று கொழும்பில் கலைச்சொல் ஆக்கிக்கொண்டிருந்தவர்கள், அதற்கு இழைமணி என்று பெயர் வைத்திருந்தார்கள். சொல் அழகாக இருந்தது. அப்பாவிடம் அதையே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அப்பா மண்டபத்தில் வைத்து, தன் மகள் இழைமணி ஆராய்ச்சி செய்கிறாள் என்று அறிவித்தார். அடுத்த வாரம் நகைக்கடை முதலாளி ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இந்தியாவிலிருந்து வரும் மணிமாலைகளில் கலப்படம் அதிகம், நெருப்பில் காட்டாமல் தரம் பார்க்க மருந்து ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தொழில் இரகசியத்தை வெளியே விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு மரியாதையோடு எழுந்து போனார். அம்மாவுக்குச் சந்தோஷம். படித்த பெண்ணுக்கு நகை நட்டில் ஆசை இருப்பது நல்ல சகுனம் என்று நினைத்தாள்.

நான் உண்மையில் செய்துகொண்டிருந்த வேலையை இவர்கள் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியாது. இழைமணி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு அப்போது எங்களுக்குத் தெரிந்த வழி, அதை நிறுத்திப் பார்ப்பதுதான். புதிதாகக் குடிபோன வீட்டில் எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. அணைப்பதற்குச் சுவிட்ச் வேண்டும். ஒரே ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே மட்டும் மூச்சை நிறுத்தும் இரசாயனம் வேண்டும். அதைத் தேடுவதும், அதன் ஓரங்களை வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்வதும் என் தொழில். நாகரிகமாகச் சொன்னால் ஆய்வுக் கருவிகள் செய்தேன். வெளிப்படையாகச் சொன்னால் விஷம் செய்தேன். உயிர் மூச்சை ஆராய்கிறேன் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு அதை நிறுத்துவதற்கு வழி தேடியே என் காலம் போயிற்று.

கண்டிக்குப் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கலியாணமாகாத பெண் விடுதியில் தங்கக்கூடாது என்று வீட்டில் முடிவு செய்ததால் தினமும் மாத்தளையிலிருந்து ரயிலில் போய்வந்தேன். என் பேராசிரியர் ஒரு சிங்களவர். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "செய்யலாம்" என்பார். எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார்.

இழைமணி வேண்டும் என்றால் இதயம் வேண்டும். மற்ற உறுப்புகளுக்கு ஓய்வு உண்டு, இதயத்துக்குக் கிடையாது. அதனால் அதில் இழைமணிகள் நெருக்கமாக இருக்கும். ஒரு மாட்டின் இதயம் கிடைத்தால் ஒரு வாரத்துக்குப் போதும். இங்கிலாந்தில் அது கொழுப்பெல்லாம் நீக்கி, ஐஸ் வாளியில் ஆய்வுகூட வாசலுக்கே வந்துவிடும். அதை மாடு என்று நினைத்ததே இல்லை. பரம்பரைச் சைவக் குடும்பத்துப் பெண்ணான நான், அங்கே மூன்று குளிர்காலம் பாண் ரொட்டியையும் பட்டாணியையும் தின்றுகொண்டு பகல் முழுவதும் மாட்டிதயம் அரைத்தேன். ஒன்றுக்கொன்று முரணாகவே தெரியவில்லை.

மாத்தளையில் தெரிந்தது. சந்தையின் கடைசியில் மாட்டிறைச்சிக் கடை. விடியற்காலையில் சேலை உடுத்திக் குடையும் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். கடைக்காரர் முஸ்லிம், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். கையிலிருந்த கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார்.

"மொளகுக்கட மொதலாளிட மகள்தானே நீங்க?"

"ஆமா நானா. மாட்டோட இதயம் ஒண்ணு வேணும்."

"ஒங்கட வாப்பாக்குத் தெரியுமா?"

"இது ஆராய்ச்சிக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாய் வளக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லி, இதயம் ஓய்வெடுக்காமல் அடிப்பதையும், அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப்போவதையும் சொன்னேன். அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

"மாடுதான் மௌத்தாப் போச்சே புள்ள. பொறகு எங்க அது வேல செய்யிற?"

"ஒடனே ஐஸில வச்சா மாடு செத்தாலும் அதுக்குள்ள இருக்கிற இழைமணி கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும்."

"சுபுஹானல்லாஹ்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வேற ஆருக்கிட்டயும் செல்லவாணாம். அறுத்த மாடு மூச்சு உடுது எண்டு கேள்விப்பட்டா பள்ளிவாசல்ல என்னக் கூப்புட்டு விசாரிப்பாங்க" என்றார்.

அன்றிலிருந்து என் மானத்தைக் காப்பது தன் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். கடை வாசலுக்கு வரவேண்டாம், பின்பக்கம் வாருங்கள் என்றார். வாழையிலையில் சுற்றி, அதற்கு மேல் கடுதாசி சுற்றி, அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கையில் தருவார். முன்பக்கமாகவே வாங்கியிருந்தால் ஒருவர் இருவர்தான் பார்த்திருப்பார்கள். பின்பக்கமாக வாங்கியதால் சந்தை முழுவதும் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அரசாங்கம் எடுத்துவிட்டு, சந்திரனின் நாலு கட்டங்களுக்கும் வரும் பௌத்தர்களின் போயா நாளை வார விடுமுறை ஆக்கிய காலம் அது. போயாவுக்கு மாடு அறுக்கக்கூடாது. அதனால் எங்கள் பரிசோதனைகள் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையை அனுசரித்து நடந்தன. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று, ஏன் பரிசோதனைகளை ஒழுங்கான இடைவெளியில் செய்யவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தது. பேராசிரியர் உண்மையையே எழுதலாம் என்றார். நாங்கள் பௌர்ணமியைப் பற்றி எழுதினோம். அவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இதயத்தை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோவேன். ஒருநாள் என் பக்கத்தில் கோயில் தர்மகர்த்தா வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கண்டியில் வழக்கு. ரயில் உக்குவளை தாண்டும்போது ஐஸ் உருகி, பெட்டியின் மூலையிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு பலகை இடுக்கு வழியாக அவர் செருப்பை நோக்கிப் போனது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"பெட்டியில என்னம்மா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இழைமணி ஐயா" என்றேன்.

"ஆங், அப்பா சொன்னாங்க. தங்கம் கழுவின தண்ணியா இது?"

"கழுவத்தான் கொண்டு போறேன்."

அவர் திருப்தியோடு தலையாட்டினார். எதிரே இருந்த ஒரு கண்டிக் கடைக்காரர் அவ்வளவு எளிதில் திருப்திப்படுகிறவர் அல்ல. அவர் மாத்தளைச் சந்தைக்கும் போய்வருகிறவர். இருவரும் கண்டியில் இறங்கிய பிறகு அவர் தர்மகர்த்தாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மாலையில் நான் வீடு திரும்புவதற்கு முன்பே செய்தி திரும்பியிருந்தது.

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து கேட்டார்.

"ஒனக்குன்னு கொல்றாங்களா?"

"இல்லப்பா. இறைச்சிக்கு அறுக்கிறதுதான். இதயத்த யாரும் வாங்கிறதில்ல."

"அப்ப, விக்காத சரக்கு."

"ஆமா."

"வீட்டுக்குள்ள கொண்டாராத. வந்தா மொதல்ல குளி."

வியாபாரி மனம் அவருக்கு. விற்காத சரக்கில் பாவம் குறைவு என்று கணக்குப் பார்த்திருப்பார். அம்மாவின் கணக்கு வேறு. எனக்கு வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வரன்கள் அந்த மாதத்தோடு நின்றுபோயின. மாட்டிறைச்சிக் கடைக்குப் பின்வாசலால் போகும் பெண்ணுக்கு எந்தக் குடும்பம் தாம்பாளம் தூக்கிவரும் என்று அம்மா கேட்டாள். விடுதியில் தங்காமல் குடும்பத்தோடு இருந்து காப்பாற்றிய என் நல்ல பெயர் சந்தையில் போயிற்று.

இதயம் கிடைத்தது. அதன் இழைமணியை நிறுத்தும் மருந்து கிடைக்கவில்லை. ரொட்டினோன் என்று ஒன்று, சில வெப்பநாட்டுக் கொடிகளின் வேரில் இருக்கிறது. அது இழைமணியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம், ஆனால் அந்நியச் செலாவணி இல்லை. பேராசிரியரிடம் கேட்டேன். "செய்யலாம்" என்றார். இந்த முறை எப்படி என்றும் சொன்னார். யுத்த காலத்தில் பூச்சிமருந்துக்காக இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கொடியை நட்டார்களாம். அது விளைந்து வருவதற்குள் டீ.டீ.டீ. என்ற புதுப் பூச்சிமருந்து வந்துவிட்டது. பிறகு யாரும் அதை வெட்டவும் இல்லை, பிடுங்கவும் இல்லை.

ஒரு போயா விடுமுறையில் பஸ் ஏறிப் போனேன். தோட்டத்து டீ மேக்கரைப் பார்க்கச் சொன்னார்கள். தேயிலை பதப்படுத்தும் தொழிற்சாலைக்கு அவர்தான் பொறுப்பு. முப்பது வயதைத் தாண்டியவர், சட்டையெல்லாம் தேயிலைத் தூள். என் கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"மீன்கொடியா கேக்கிறீங்க? எல்லையில வேலி மாதிரி மண்டிக் கெடக்குங்க. லயத்தில இருக்கிற தொழிலாளிங்க வேர நசுக்கி ஆத்தில போடுவாங்க. மீனெல்லாம் தல கிறுகிறுத்து மேல வந்து மெதக்கும். கையால அள்ளிக்குவாங்க."

"சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா?"

"நான் சாப்பிட்டிருக்கேனே. ஆளு எப்படி இருக்கேன்?"

நான் அவரைப் பார்த்தேன். ஆரோக்கியமாகவே இருந்தார். இங்கிலாந்தில் எனக்குப் பட்டம் கொடுத்துக் கறுப்பு அங்கி போட்டு அனுப்பிய விஷயத்தைத் தோட்டத்தில் கறிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மீன்களின் மூச்சு எந்த இடத்தில் அடைபட்டது என்பதை மட்டும் நான் படமாக வரைந்து காட்டலாம். மீன் குழம்புக்கு அந்தப் படம் தேவையில்லை.

அவர் ஆள் வைத்து வேர் தோண்டிக் கொடுத்தார். அவருடைய குவாட்டர்ஸ் தகரக் கூரையில் காயவைத்து, நான் அடுத்த முறை போனபோது ஒரு சாக்கில் கட்டித் தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் வழியில் பொலிஸார் பஸ்ஸை மறித்தார்கள். கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைத் தேடி வந்தவர்கள். கசிப்பு கிடைக்கவில்லை. என் சாக்கு கிடைத்தது.

சார்ஜன்ட் ஒரு வேரை எடுத்து உடைத்து மணந்து பார்த்தார். அதை அடையாளம் காண அவருக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஆற்று மீனுக்கு நஞ்சு வைப்பது சட்டப்படி குற்றம் என்று சிங்களத்தில் சொல்லி, என்னை இறக்கி, பக்கத்திலிருந்த காவல் கொட்டகை வாங்கில் உட்காரவைத்தார். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவள் என்று சொன்னேன். படிப்பிப்பவர்களும் மீன் சாப்பிடுவார்களே என்றார். நான் சாப்பிடுவதில்லை என்றேன். அப்படியானால் விற்பதற்கா என்று கேட்டார்.

"இது மீனுக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு" என்றேன்.

"இது மீனைக் கொல்லுமா கொல்லாதா?"

"கொல்லும்."

"நீங்கள் எதைக் கொல்லப்போகிறீர்கள்?"

"எதையும் இல்லை. செத்த மாட்டின் இதயத்தில் போட்டுப் பார்ப்பேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். மீனோடு நின்றிருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் மிக மெதுவாக, மரியாதையாகப் பேசினார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் தரச் சொன்னார்.

பஸ்ஸில் வந்த யாரோ தோட்டத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். டீ மேக்கர் ஒரு லொறியில் வந்து இறங்கினார். வெள்ளம் போலச் சிங்களம் பேசினார். இந்த அம்மா பைத்தியம் இல்லை, டொக்டர், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் என்று சொன்னார். பைத்தியமும் டொக்டர் பட்டமும் ஒரே ஆளுக்குப் பொருந்தக்கூடியவை என்று சார்ஜன்ட் நினைத்திருக்க வேண்டும், முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. கடைசியில், இந்த வேரோடு நான் ஆற்றுப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாக்கைத் திருப்பித் தந்தார். மாத்தளைக்குப் போக வேண்டுமானால் பஸ் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

டீ மேக்கர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தார். அப்பா அவரை உட்காரச் சொல்லிக் கோப்பி கொடுத்தார். ஊர், பேர், தோட்டம் எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்க சைவமா?" என்றார்.

"இல்லீங்க. மீன் சாப்பிடுவேன்."

அப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேர் தீரத் தீர நான் இரத்தோட்டைக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே வேர் காய்ந்திருக்கும். சில சமயம் பழைய வேர் தீராமலே போனேன். ஒருநாள் அவர், "எவ்வளவு நாளைக்குத்தாங்க இப்படி வேர தூக்கிக்கிட்டு அலைவீங்க? நான் வந்து ஒங்க அப்பாக்கிட்டப் பேசட்டுமா?" என்று கேட்டார். வேர் பற்றியா என்று கேட்டேன். வேர் பற்றியும்தான் என்றார்.

அப்பா சம்மதிக்கவில்லை. மீன் சாப்பிடுகிற குடும்பத்தில் பெண் கொடுத்தால் கோயிலில் எப்படி முகம் காட்டுவது என்றார். வாரா வாரம் மாட்டிதயம் சுமக்கும் மகளைப் பெற்ற அப்பா இதைச் சொன்னார், முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். அம்மாதான் வழக்கைத் தீர்த்தாள்.

"அவரு மீன வெளிய சாப்பிட்டுக்கட்டும். இவ மாட்ட வெளிய வச்சுக்கட்டும். ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள சோறு சாப்பிடுவாங்க. வேற என்ன வேணும் ஒங்களுக்கு?"

கலியாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது. இறைச்சிக்கடை நானா ஒரு கூடை திராட்சைப்பழத்தோடு வந்திருந்தார். பந்தியில் தர்மகர்த்தாவுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது என்னிடம், "இனி மாப்புளய அனுப்புங்க. அவர் முன்வாசலால வரலாம்" என்றார்.

உக்குவளையில் வீடு எடுத்தோம். அவர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போவார். நான் ரயிலில் போவேன்.

கலியாணத்துக்கு முந்திய மாதங்களில் ஆய்வுகூடத்தில் நான் ரொட்டினோனின் ஒரு ஓரத்தை வெட்டி, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளியில் மினுங்கும் சாயம் ஒன்றை வால் மாதிரி ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தேன். அடைக்கும் விஷம் எங்கே போய் அடைக்கிறது என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டச் செய்வது என் எண்ணம். பல முறை தோற்று, ஒருவழியாக மஞ்சள் பொடியாக ஒன்று கிடைத்தது. இழைமணியோடு சேர்த்துக் குடுவையில் போட்டு ஒட்சிசன் செலவாவதை அளந்து பார்த்தேன். இழைமணி தன் பாட்டுக்கு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. என் விஷம் விஷமாக இல்லை. பேராசிரியர் முதல் முறையாக, "செய்யலாம்" என்று சொல்லாமல் போனார்.

குடுவையைக் கழுவுவதற்கு முன், ஒரு ஆத்திரத்தில் அதை ஊதாக்கடந்த விளக்குக்குக் கீழே வைத்தேன். பச்சையாக ஒளிர்ந்தது. நல்ல ரொட்டினோனை ஒரு துளி விட்டேன். ஒளி மங்கியது. எனக்குப் புரிய அன்று பிற்பகல் முழுவதும் ஆனது. என் பொடி சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. போய், கதவைச் சாத்தாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையான விஷம் வந்ததும் எழுந்து இடம் விடுகிறது. அது எழுந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த வாசலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல காவலாளி கிடைக்காது. மூச்சை நிறுத்தத் தெரியாத ஒரே விஷத்தைச் செய்ததால்தான் எனக்குக் கொஞ்சம் பெயர் கிடைத்தது.

கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. கட்டுரையை அனுப்பியபோது எனக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. அச்சாகி வந்தபோது ஆகியிருந்தது. கட்டுரையில் அப்பாவின் முதலெழுத்தோடு ஒருத்தி இருந்தாள். கணவர் பெயரோடு நான் வேறொருத்தி ஆகிவிட்டேன். சில வெளிநாட்டு ஆய்வுகூடங்களிலிருந்து அந்த முதலாமவளுக்குக் கடிதம் வந்தது. பொடி கேட்டிருந்தார்கள். சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துத் தபாலில் அனுப்பினேன். பிறகு கடிதங்கள் குறைந்தன. பெரிய இரசாயனக் கம்பனி ஒன்று அதைத் தானே செய்து விற்பனைப் பட்டியலில் போட்டுவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அவர்கள் செய்வதில் தவறில்லை. நான் எப்படிச் செய்வது என்று வரிவரியாக எழுதி அச்சிட்டிருந்தேன்.

எழுபதுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. இழைமணியைப் பிரித்தெடுக்கச் சீனிக் கரைசல் வேண்டும். வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த காலத்தில், ஆய்வுகூடத்தில் சுத்தமான சீனி போத்தல் போத்தலாக இருந்தது. அது வேகமாகக் குறைந்ததைக் கண்டு போத்தல்களில் மண்டையோடு வரைந்து "நஞ்சு" என்று எழுதி ஒட்டினேன். அதன் பிறகு குறையவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உணவு உற்பத்தி இயக்கம் என்று காலியிடமெல்லாம் மரவள்ளி நடச் சொன்னார்கள். இரத்தோட்டைத் தோட்டத்து எல்லையும் காலியிடம் என்று கணிக்கப்பட்டது. என் கணவர் ஒருநாள் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"ஒங்க கொடிய எல்லாம் பிடுங்கிட்டாங்க. வேர் இருந்தா எடுத்து வைங்கன்னு சொல்லிப் பாத்தேன். பிடுங்கின எடத்திலேயே கொளுத்திட்டாங்க."

வேர் தோண்டித் தந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் இரு நாட்டு ஒப்பந்தப்படி பாஸ்போட் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்கள் பிறந்தது இரத்தோட்டையில். தாய்நாட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று அதற்குப் பெயர். மீதிப் பேர் மரவள்ளி நட்டார்கள்.

என்னிடம் இருந்த பொடி தீர்ந்தது. இரண்டு மாணவர்களின் ஆராய்ச்சி பாதியில் நின்றது. வேறு வழியில்லாமல், என் சொந்தப் பொடியை அந்த வெளிநாட்டுக் கம்பனியிடமிருந்து வாங்க இறக்குமதி அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். நேரில் விசாரிக்கக் கொழும்புக்குப் போனேன். இறக்குமதி அலுவலகக் கந்தோரில் ஒரு இளம் அதிகாரி என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். கெட்டிக்காரர். சஞ்சிகையெல்லாம் தேடிப் பார்த்திருந்தார்.

"இந்தச் சாமானை உள்நாட்டிலேயே செய்கிறார்கள், மிஸிஸ். உள்ளூரில் கிடைப்பதை இறக்குமதி செய்ய அனுமதி இல்லை."

"யார் செய்கிறார்கள்?"

அவர் ஒரு பெயரைப் படித்தார். அது என் பழைய பெயர்.

"அந்தப் பெண்ணிடம் இப்போது கையிருப்பு இல்லை" என்றேன்.

"அவருக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தீர்களா?"

நான் யார் என்று சொன்னேன். அடையாள அட்டையையும் காட்டினேன். அவர் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், "அப்படியானால் உங்களுக்குச் செய்யத் தெரியும்தானே?" என்று கேட்டார். திரும்பும் ரயிலில் மெல்ல மெல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. உக்குவளையில் இறங்கி இதை என் கணவரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. நெடுநேரம் வாசலில் போய் நின்றார்.

அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இழைமணி ஆராய்ச்சியில் பெரிய ஆள். ஏலமும் மிளகும் விளைவதைப் பார்க்க வேண்டும் என்றதால் பேராசிரியர் அவரை என் பொறுப்பில் விட்டார். மாத்தளைப் பக்கம் சுற்றிக் காட்டிவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அரிசி கிடைக்காத நாள். அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தோம். மிகவும் ருசித்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். இங்கே பொருள்கள் கிடைப்பது கஷ்டம் என்று கேள்விப்பட்டேன், உங்களுக்கு என் அன்பளிப்பு என்றார். கம்பனியின் லேபல் ஒட்டியிருந்தது. என் பொடி.

அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் விளக்கத் தொடங்கினார். எந்த இடத்தில் போய் உட்காரும், எப்போது ஒளி மங்கும் என்பதையெல்லாம் மேசையில் விரலால் வரைந்து காட்டினார். நன்றாகவே விளக்கினார். நான் மாணவர்களுக்குச் சொல்வதைவிடத் தெளிவாக இருந்தது. இலங்கையில்தான் இதை முதலில் செய்தார்கள், தெரியுமா என்று கேட்டார். யாரோ ஒரு பெண், பிறகு அவள் எழுதிய கட்டுரை ஒன்றும் வரவில்லை, இந்த நாடுகளில் பெண்கள் கலியாணம் செய்துகொண்டு ஆராய்ச்சியை விட்டுவிடுகிறார்கள், வருத்தமான விஷயம் என்றார்.

என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து குசினிக்குப் போய் இன்னொரு தட்டு மரவள்ளி கொண்டுவந்து விருந்தாளி முன்னால் சற்றுப் பலமாகவே வைத்தார்.

"வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் வியந்தார். "ஆமாம். அதை லேபலில் போட மறந்துவிட்டார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மஞ்சள் பொடிகள் பெரும்பாலும் அப்படித்தான்" என்றேன்.

அவரை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என் கணவர், "ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"மரவள்ளிய அவ்வளவு ஆசையா சாப்பிட்டாரு. சொன்னா மிச்ச நேரமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்திருப்பாரு."

"அப்பறமா எழுதியாவது போடுவீங்களா?"

"பாப்போம்" என்றேன்.

அடுத்த வாரம் குப்பியைத் திறந்தேன். என்னுடையது எப்போதும் கொஞ்சம் பழுப்படித்து இருக்கும், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அந்த நிறம் போனதில்லை. இது எலுமிச்சைத் தோல் போலப் பளிச்சென்ற மஞ்சள். இழைமணியில் விட்டு விளக்குக்குக் கீழே வைத்தேன். மாணவர்கள் இரண்டு பேரும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நான் செய்ததைவிட நன்றாக ஒளிர்ந்தது.